பிணியும் நகையும்

தொல்காப்பியர் பிணியை நகையோடு சேர்க்கவில்லை. மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை அடுக்கி, ஒவ்வொன்றும் பிறக்கும் இடங்களை நான்கு நான்காகச் சொல்லிக்கொண்டு போகிறவர், பிணியை இளிவரலின் கீழ், மூப்புக்கும் வருத்தத்துக்கும் மென்மைக்கும் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். நகைக்கு அவர் தரும் இடங்கள் வேறு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இந்தப் பாகுபாட்டில் தவறு இருப்பதாகச் சொல்ல முடியாது. நோயாளியைப் பார்க்கப் போகிறவர் மனத்தில் முதலில் எழுவது சிரிப்பல்ல, இளிவரல்தான் என்பதை எந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலும் பத்து நிமிஷம் நின்றால் தெரிந்துகொள்ளலாம். இளிவரல் வெறும் அருவருப்பு அல்ல. தன் உடம்பு தன் சொல்லைக் கேட்காமல் போகும்போது ஒருவர் தன்னைப் பற்றியே கொள்ளும் கூச்சமும் அதில் அடக்கம்.

ஆனால் நோயாளி சிரிக்கிறார். பார்க்க வந்தவர்களையும் சிரிக்க வைத்து அனுப்புகிறார். அவர்களும் வெளியே வந்து, 'என்ன மனோதைரியம்!' என்று சொல்லிக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். இந்தச் சிரிப்பை என்னவென்று எடுத்துக்கொள்வது? தைரியமா, தப்பித்துக்கொள்வதா, வந்தவர்களுக்குக் கொடுக்கும் காப்பி மாதிரி ஒரு உபசாரமா? இன்னொரு கேள்வியும் உண்டு. இப்படிச் சிரிப்பது நோயாளியின் கடமையா? சிரிக்காத நோயாளி ஏதோ ஒரு விதத்தில் தாழ்ந்துவிட்டவரா?

பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். எனவே ஒரு குறிப்பிட்ட சிகிச்சையை எடுத்துக்கொள்கிறேன். ரத்தப் புற்றுநோய்க்கும் வேறு சில ரத்த நோய்களுக்கும் செய்யப்படும் ஸ்டெம் செல் மாற்று. மஜ்ஜை மாற்று என்று முன்பு சொன்னார்கள், இன்றும் பேச்சுவழக்கில் சொல்கிறார்கள். இதை எடுத்துக்கொள்ள இரண்டு காரணங்கள். தொல்காப்பியர் சொன்ன நான்கு இடங்களும் இந்த ஒரு சிகிச்சையில் வந்து கூடுகின்றன. தவிர, இதிலிருந்து தேறுவது என்பது ஒரு நாளில் நடக்கும் சம்பவமல்ல, வருஷக்கணக்கில் நடக்கும் காரியம். சிரிப்பின் யோக்கியதை என்ன என்பது அந்த நீண்ட காலத்தில்தான் தெரியவரும்.

2

சிகிச்சையின் சரித்திரத்தில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. 1957-ல் டானல் தாமஸ் என்ற அமெரிக்க டாக்டர் தம் குழுவோடு எழுதிய கட்டுரையில் சொல்லப்படும், மஜ்ஜை செலுத்தப்பட்ட ஆறு பேரில் எவரும் நெடுநாள் பிழைக்கவில்லை. 1958-ல் யூகோஸ்லாவியாவில் வின்ச்சா என்ற இடத்தில் அணு உலை விபத்தில் கதிர்வீச்சுக்கு ஆளான ஆறு பேரைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தார்கள். ஜார்ஜ் மாத்தே என்ற டாக்டர் அவர்களில் ஐந்து பேருக்கு, முன்பின் அறியாத பிரெஞ்சுக்காரர்களின் மஜ்ஜையைச் செலுத்தினார். ஒருவர் இறந்தார், மற்றவர்கள் பிழைத்தார்கள். 1960-களில் பல டாக்டர்கள் இது ஆகிற காரியமல்ல என்று விட்டுவிட்டார்கள். தாமஸ் விடவில்லை. 1990-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் 1983-ல் மும்பை டாடா நினைவு ஆஸ்பத்திரியிலும் 1986-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் இது தொடங்கியது.

சிகிச்சையின் முறையில்தான் விசித்திரம் இருக்கிறது. முதலில் கடுமையான மருந்துகளாலும், சிலருக்குக் கதிர்வீச்சாலும், நோயாளியின் மஜ்ஜையை அழித்துவிடுகிறார்கள். அந்த நாட்களுக்குக் கழித்தல் குறி போட்டு எண்ணுகிறார்கள்: கழித்தல் ஆறு, கழித்தல் ஐந்து என்று. கிறிஸ்துவுக்கு முற்பட்ட ராஜாக்களைப் போல நோயாளி பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருகிறார். பூஜ்யம் என்ற நாளில் ஸ்டெம் செல்கள் வருகின்றன. கத்தி கிடையாது, ஆபரேஷன் தியேட்டர் கிடையாது. ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து, ரத்தம் ஏற்றுவது போல, ரத்தக்குழாய் வழியே இறங்குகிறது. பல சமயம் ஒரு சினிமா பார்க்கும் நேரம்கூட ஆவதில்லை. எலும்புக்குள் போகும் வழியை அந்தச் செல்கள் தாமாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். வீடே திரண்டு பிரார்த்தித்துக் காத்திருந்த மகத்தான தருணம் இவ்வளவுதான். செல்களை உறையவைத்துப் பாதுகாத்திருந்தால் அதற்குச் சேர்த்த டைமெதில் சல்பாக்ஸைடு நோயாளியின் மூச்சில் வெளியேறி அறை முழுக்கப் பூண்டு வாடை அடிக்கும். மறுபிறப்பின் மணம் பூண்டு மணம் என்று எந்தப் புராணமும் சொன்னதில்லை.

பிறகு கூட்டல் நாட்கள். பழைய ரத்தம் ஊறுவது நின்றுவிட்டது, புதியது ஊறத் தொடங்கவில்லை. சொந்த ரத்தமும் இல்லை, வந்த ரத்தமும் இல்லை. சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டரில் ஆயிரக்கணக்கில் இருக்கும் வெள்ளையணுக்கள் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போகின்றன. அவற்றில் நியூட்ரோஃபில் என்ற வகை மூன்று நாள் தொடர்ந்து 500-க்கு மேல் நின்றால் புதிய மஜ்ஜை வேர் பிடித்தது என்று கணக்கு. அதுவரை வடிகட்டிய காற்று. வேகாத பண்டம் எதுவும் கூடாது. குலதெய்வத்தின் விபூதி வாசலிலேயே நின்றுவிடும். பூ கூடாது. வாயும் தொண்டையும் புண்ணாகி எச்சில் விழுங்குவதே ஒரு வேலையாகிவிடும். பார்க்க வருகிறவர்களின் முகத்தில் முகமூடி.

இந்த இடத்தில் இரண்டு சிறிய விஷயங்களைச் சொல்ல வேண்டும், இரண்டும் சிரிப்பைப் பற்றியவை. வாய்ப்புண்ணோடு சிரித்தால் உதடு வெடிக்கும். பிளேட்லெட் குறைந்திருப்பதால் ரத்தம் சுலபமாக நிற்காது. ஆகவே இங்கே ஒரு சிரிப்புக்கு விலை உண்டு. இரண்டாவது, நோயாளி ஒரு ஹாஸ்யம் சொன்னால் முகமூடிக்குப் பின்னால் எதிராளி சிரித்தாரா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. கண்களை வைத்து யூகிக்க வேண்டும். மேடைக் கச்சேரியில் முதல் வரிசை இருளில் இருப்பது போலத்தான்.

தொல்காப்பியரின் நான்கு இடங்களுக்கு இப்போது வரலாம். இளமை: பழைய மஜ்ஜையோடு, சிறு வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலனும் பெரும்பாலும் போய்விடுகிறது. சில மாதங்களுக்குப் பிறகு எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும். பேரன் எடுத்தவர் இளம்பிள்ளைவாதத்துக்கு ஊசி போட்டுக்கொள்ள வரிசையில் நிற்கிறார். கொட்டிய முடி சிலருக்குக் குழந்தை முடி மாதிரி மெல்லியதாக, சிலருக்குச் சுருட்டையாக முளைக்கிறது. பேதைமை: தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. காலையில் வரும் ரத்தப் பரிசோதனைக் காகிதம்தான் அவர் எப்படி இருக்கிறார் என்று அவருக்குச் சொல்கிறது. எள்ளல்: உரைகாரர்கள் இதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். தான் பிறரை எள்ளி நகைப்பது ஒன்று. பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகைப்பது இன்னொன்று. உடம்பே தன்னை எள்ளும்போது நகைப்பவர் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்.

மடன் சற்று யோசிக்க வேண்டியது. கற்பித்ததைப் பிடித்துக்கொண்டு, பிடித்ததை விடாமலிருப்பது என்பது அதற்கு உரைகாரர்கள் தரும் விளக்கம். வந்து சேர்ந்த வெள்ளையணுக்களின் குணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமென்று தோன்றவில்லை. அவை கொடையாளியின் உடம்பில் படித்தவை. எது தன்னது, எது அந்நியம் என்ற பாடத்தை அங்கே கற்றுக்கொண்டு வந்தவை. புதிய வீட்டுக்கு வந்ததும், கற்ற பாடத்தை விடாமல், வீட்டுக்காரரையே அந்நியர் என்று முடிவு கட்டுகின்றன. தோல் சிவந்து உரிகிறது, குடல் ரணமாகிறது, கல்லீரல் கெடுகிறது. விருந்தாக வந்தது வீட்டுக்காரரை அடிக்கிறது என்ற பொருளில்தான் மருத்துவத்திலும் இந்நோய்க்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வேடிக்கையும் பயங்கரமும் இதில் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன. அந்த அணுக்கள் அதே மடமையால் மிஞ்சியிருக்கும் புற்றுநோயையும் அந்நியம் என்று அடிக்கின்றன. இந்த அடி அளவாக விழுந்தவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் திரும்பி வருவது குறைவு. அதனால் டாக்டர்கள் அதை அடியோடு ஒழிக்கப் பார்ப்பதில்லை, அடக்கி வைக்கப் பார்க்கிறார்கள்.

3

சிரிப்பு மருந்து என்கிற கட்சி ஒன்று இருக்கிறது. நார்மன் கஸின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர், முதுகெலும்பைத் தாக்கிய நோயில் படுத்தபோது மார்க்ஸ் சகோதரர்களின் சினிமாக்களைப் போட்டுப் பார்த்ததாகவும், பத்து நிமிஷம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியின்றித் தூங்க முடிந்ததாகவும் 1976-ல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். 1979-ல் அது புத்தகமாயிற்று. 1995-ல் மும்பைப் பூங்கா ஒன்றில் மதன் கட்டாரியா என்ற டாக்டர் ஆரம்பித்த சிரிப்பு மன்றம் இன்று உலகம் முழுவதும் பரவிவிட்டது. அங்கே சிரிக்க ஹாஸ்யம்கூட வேண்டியதில்லை; தண்டால் எடுப்பது போல் சிரிப்பை எடுக்கலாம்.

வலி குறைந்தது என்றால் குறைந்ததுதான். ஒருவரின் வலியைப் பற்றி அவருக்கு மேல் தெரிந்தவர் கிடையாது. ஆனால் கஸின்ஸ் தூக்கத்தைப் பற்றிச் சொன்னது, ஊர் ஊராகப் போகும்போது உயிரைப் பற்றியதாக மாறிவிட்டது. சிரித்தால் தூங்கலாம் என்பது சிரித்தால் பிழைக்கலாம் என்று ஆயிற்று. இந்த இரண்டாவது வாக்கியம் நிரூபிக்கப்பட்டதல்ல. தலையிலும் கழுத்திலும் புற்றுநோய் வந்த 1,000-க்கு மேற்பட்டவர்களைப் பற்றி 2007-ல் வெளியான ஓர் ஆய்வு, நோயாளியின் மனநிலைக்கும் அவர் எத்தனை காலம் இருந்தார் என்பதற்கும் சம்பந்தம் காணவில்லை. ஆனால் வாக்கியம் பொய்யாகலாம் என்பதைவிட அது செய்கிற காரியம்தான் எனக்கு மோசமாகப் படுகிறது. சிரித்தவர் பிழைப்பார் என்றால் செத்தவர் சரியாகச் சிரிக்கவில்லை என்று ஆகிறது. முன்பு கர்மம் செய்த வேலையை இப்போது நகைச்சுவை உணர்ச்சி செய்கிறது. பார்பரா எரன்ரைக் என்ற எழுத்தாளர், தமக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது தம்மைச் சூழ்ந்த உற்சாக உபதேசங்களைப் பற்றி 2009-ல் ஒரு கோபமான புத்தகம் எழுதினார். இங்கிலாந்துப் பதிப்பின் தலைப்பு, 'சிரி, இல்லையேல் செத்துப்போ' என்று பொருள்படும்.

நம் பக்கத்து உபதேசம் வள்ளுவரிடமிருந்து வருகிறது. துன்பம் வரும்போது சிரிக்கச் சொல்லித் தொடங்கும் குறளை நோயாளியின் தலைமாட்டில் நின்று சொல்லாத தமிழர் குறைவு. சொல்கிறவர்கள் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. இடுக்கண் அழியாமை என்ற அந்த அதிகாரம் பொருட்பாலில், அரசியலில், ஊக்கமுடைமைக்கும் மடியின்மைக்கும் ஆள்வினையுடைமைக்கும் அடுத்து வருகிறது. காரியத்தில் இறங்கியவன், காரியத்தின் நடுவே இடைஞ்சல் வரும்போது என்ன செய்ய வேண்டும் என்பது அங்கே பேச்சு. அவனுக்குக் கை கால் இருக்கிறது, படை இருக்கிறது, நாளைக்குச் செய்ய வேலை இருக்கிறது. கூட்டல் ஒன்பதாம் நாளில் வடிகட்டிய காற்றில் படுத்திருப்பவருக்கு ஆள்வினை ஏது? அவர் செய்யக்கூடிய காரியம் காத்திருப்பது ஒன்றுதான், அதையும் அவர் செய்வதாகச் சொல்ல முடியாது. வள்ளுவர் அரசனுக்குச் சொன்னதைப் படுத்திருப்பவரிடம் திருப்பிச் சொல்லும்போது, இல்லாத ஒரு ராஜ்யத்தை ஆளச் சொல்கிறோம்.

ஆனால் இதையே மறுபக்கமிருந்தும் பார்க்கலாம். எல்லாக் காரியமும் பறிபோனவருக்கு, செய்வதற்கென்று மிஞ்சியிருக்கும் ஒரே காரியம் சிரிப்பதாக இருக்கலாம். ஊசி போடுவது, கழுவிவிடுவது, எடை பார்ப்பது எல்லாம் அவருக்குச் செய்யப்படுபவை. ஒரு ஹாஸ்யத்தை மட்டும் அவர் செய்கிறார். அந்தக் கணத்தில் அவர் வினைமுற்றுக்கு எழுவாய் ஆகிறார். அது உயிரைக் காப்பாற்றாது. ஆனால், அது மருந்தாக வேண்டிய அவசியமில்லாததால்தான், அதைத் தன்னுடையது என்று அவர் சொல்லிக்கொள்ள முடிகிறது. மற்றதெல்லாம் மருந்து.

4

ஃப்ராய்ட் 1927-ல் நகைச்சுவை பற்றி எழுதிய சிறு கட்டுரையில், திங்கட்கிழமை காலை தூக்குமேடைக்கு அழைத்துச் செல்லப்படுகிறவன் வாரம் நன்றாகத்தான் தொடங்குகிறது என்று சொல்லிக்கொள்வதை உதாரணமாகக் காட்டுகிறார். சூப்பர் ஈகோ பெரியவர் மாதிரி வந்து நிற்கிறது. பயந்துபோன குழந்தையாகிய ஈகோவிடம், பார், நீ பயப்படும் உலகம் இவ்வளவுதான், விளையாட்டுப் பொம்மை, என்று சொல்கிறது. இதில் ஒரு மகத்துவம் இருப்பதாக ஃப்ராய்ட் நினைத்தார். நானும் அப்படியே நினைக்கிறேன்.

ஆனால் தூக்குமேடைக்காரனுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. அவனுக்குச் செவ்வாய்க்கிழமை கிடையாது. அவன் ஒரு ஹாஸ்யம் சொன்னால் போதும். அதற்குச் சாட்சிகள் இருக்கிறார்கள், காட்சி இருக்கிறது, உடனே திரை விழுகிறது. மாற்றுச் சிகிச்சைக்குப் போகிறவருக்குப் பூஜ்யம் நாள் திங்கட்கிழமை என்றால், பிறகு வரிசையாகச் செவ்வாய்க்கிழமைகள். நூறாவது நாள் ஒரு மைல்கல் என்கிறார்கள். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில், மாத்திரைகளும் களைப்பும் காய்ச்சல் பயமும். வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றிய தெருக்களில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகளைப் பார்க்கலாம். ஆயிரம் மைல் தாண்டி வந்தவர்கள் லாட்ஜ் அறையில் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டு அடுத்த பரிசோதனைக்காகக் காத்திருப்பார்கள். அங்கே எவரும் பார்க்க வருவதில்லை. ஹாஸ்யம் சொல்ல ஆள் வேண்டும். முதல் மாதத்தில் சொன்னதை ஏழாம் மாதத்தில் அதே மனைவியிடம் சொல்ல முடியாது.

தேறுகிற காலத்தின் நகைச்சுவை நெருக்கடிக் காலத்தின் நகைச்சுவை அல்ல என்று எனக்குப் படுவது இதனால்தான். நெருக்கடியில் ஹாஸ்யம் ஒரு சவால். மரணத்தின் முகத்தில் விட்டெறிவது. தேறும்போது மரணம் அடுத்த அறைக்குப் போயிருக்கிறது. எதிரே இருப்பது மாடிப்படி. எட்டாவது படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துகொள்பவர் யாரை நோக்கிச் சவால் விடுவது? இங்கே தேவைப்படுவது சிறிய, பார்வையாளர் இல்லாத, வீட்டுக்குள் புழங்கும் நகை. ருசி திரும்பாத நாக்குக்கு ரசமும் வெந்நீரும் ஒன்றாக இருக்கும்போது, 'இன்றைக்கு வெந்நீரில் புளி கொஞ்சம் தூக்கல்' என்று சொல்லத் தெரிவது. இதில் மகத்துவம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நாள் கழிகிறது. மறுநாளும் அதுவே வேண்டியிருக்கிறது.

ஃப்ராய்டுக்கு இது தெரியாதிருந்திருக்காது. அவருக்கு 1923-ல் வாயில் புற்றுநோய் கண்டது. 1939-ல் இறக்கும்வரை முப்பதுக்கு மேற்பட்ட ஆபரேஷன்கள். வெட்டி எடுத்த அண்ணத்துக்குப் பதிலாக ஒரு செயற்கைக் கட்டமைப்பைப் பொருத்திக்கொண்டுதான் பேசினார், சாப்பிட்டார். நகைச்சுவைக் கட்டுரை எழுதும்போது அவர் வாயில் அது இருந்தது. பதினாறு வருஷச் செவ்வாய்க்கிழமைகளுக்குச் சொந்தக்காரர் ஒரு திங்கட்கிழமையை உதாரணமாகக் காட்டினார் என்பது எனக்கு யோசிக்க வேண்டியதாக இருக்கிறது. தன் வாயைப் பற்றி எழுதியிருந்தால் அது வேறொரு கட்டுரையாக ஆகியிருக்கும்.

ஒரு நடிகர் அந்த வேறு கட்டுரையை எழுதிப் பார்த்திருக்கிறார் என்று சொல்லலாம். ஈவன் ஹாண்ட்லர், அமெரிக்கர். இருபத்துநான்கு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்து, மஜ்ஜை மாற்று செய்துகொண்டு பிழைத்தவர். தன் கதையை முதலில் தனிநபர் நாடகமாக மேடையில் நடத்தினார். 1996-ல் புத்தகமாக வெளியிட்டார். ஷேக்ஸ்பியருடைய நாடகத் தலைப்பு ஒன்றைத் திரித்து, பயங்கரங்களின் இன்பியல் என்று அதற்குத் துணைத்தலைப்பு. நோயைக் கண்டு சாந்தமாகப் புன்னகைக்கும் புத்தகமல்ல அது. சிடுசிடுப்பும் கோபமும் நிறைந்தது. ஆஸ்பத்திரி நடைமுறைகளின் மேல், தன் மேல், தன்னை நேசித்தவர்கள் மேல். சிரிப்பு அங்கே கோபத்துக்குப் பதிலாக வரவில்லை, கோபத்தின் வடிவமாக வருகிறது. நகையையும் வெகுளியையும் தனித்தனி மெய்ப்பாடுகளாக எண்ணினாலும், நோயாளியிடம் இரண்டும் ஒரே தொண்டை வழியாகத்தான் வருகின்றன.

5

சிரிக்காதவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஸூஸன் ஸான்டாக் 1978-ல் நோயை உருவகமாக்குவதை எதிர்த்து எழுதினார். நோய் நோய்தான், அதன் மேல் அர்த்தங்களை ஏற்றாதீர்கள் என்பது அவர் வாதம். 2004-ல், எழுபத்தொரு வயதில், ரத்த நோய்க்காக ஸியாட்டிலில் மஜ்ஜை மாற்று செய்துகொண்டார். அது பலிக்கவில்லை, அவ்வருஷம் டிசம்பரில் இறந்தார். அவருடைய மகன் டேவிட் ரீஃப் 2008-ல் எழுதிய புத்தகத்திலிருந்து தெரிவது, அவர் கடைசிவரை சாவதற்குச் சம்மதிக்கவில்லை என்பது. மகன் அவரிடம் உண்மையைப் பேச முடியவில்லை. அவர் கேட்க விரும்பியதையே பேச வேண்டியிருந்தது. அந்த நம்பிக்கையை ஹாஸ்யத்தால் தொட்டிருந்தால் அது உடைந்திருக்கும்.

இவரைத் தைரியமில்லாதவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முன்பு இரண்டு தடவை புற்றுநோயிலிருந்து மீண்டவர் அவர். உயிரை இவ்வளவு தீவிரமாக விரும்புகிறவர், அதிலிருந்து ஓர் அடி தள்ளி நின்று வேடிக்கை பார்க்க மறுப்பது நியாயம்தான். நகைச்சுவைக்கு அந்த ஓர் அடி வேண்டும். பெர்க்ஸன் 1900-த்திலேயே, சிரிக்கும் கணத்தில் இதயம் சற்று மரத்துப்போகிறது என்ற கருத்தைச் சொல்லிவிட்டார். மரத்துப்போக விரும்பாதவருக்கு அப்படி இருக்க உரிமை உண்டு. சிரிப்பு நோயாளியின் கடமையல்ல என்பதற்கு ஸான்டாக்கின் உதாரணம் எனக்குப் போதும். வாழ்நாள் முழுதும் யோசித்த ஒருவர் அந்த வழியை எடுக்கவில்லை. அதனால் அவர் வாழ்க்கை சிறுத்துவிடவில்லை.

6

கடமையில்லை என்றால் சிரிப்பது நோயாளியின் சொந்த விஷயம், அதில் நல்லது கெட்டது இல்லை என்று ஆகிவிடுமா? அங்கேயும் ஒரு தடை இருக்கிறது. இந்தச் சிகிச்சையில், பிறருடைய செல்களைப் பெறும் வகையில், நோயாளியின் உடம்பில் இன்னொருவர் இருக்கிறார்.

ழான்-லுக் நான்ஸி என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி தமக்கு இதய மாற்று நடந்ததைப் பற்றி 2000-ல் ஒரு சிறு நூல் எழுதினார். உள்ளே புகுந்த அந்நியன் யார்? வந்த இதயமா, அதை ஏற்க மறுக்கும் தன் உடம்பா, மருந்தா, பிறகு வந்த புற்றுநோயா? கேட்கக் கேட்க, தான் என்று தனியே சுட்டக்கூடியது எதுவும் மிஞ்சவில்லை. இதய மாற்றில் வீட்டுக் காவல்காரன் பழையவன்; வந்த விருந்தாளியை அவன் துரத்தப் பார்க்கிறான். மஜ்ஜை மாற்றில் காவல்காரனே புதியவன். அந்நியம் எது என்று தீர்மானிக்கும் அதிகாரமே கைமாறிவிடுகிறது. சில மாதங்களில் ரத்த வகை கொடையாளியின் வகையாகிறது. பெண்ணிடமிருந்து பெற்ற ஆணின் ரத்த அணுக்களில் பெண்ணின் குரோமோசோம்கள் இருக்கும். இந்த நிலைக்கு விஞ்ஞானிகள் கிரேக்கப் புராணத்து மிருகம் ஒன்றின் பெயரை வைத்திருக்கிறார்கள். சிங்கமும் ஆடும் பாம்பும் சேர்ந்தது. நமக்குக் கோயில் தூணில் யாளி இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அவர் தங்கை ஸ்டெம் செல் கொடுத்தார். ஒரே தாய் தகப்பன் பிள்ளைகளுக்குள் முழுதாகப் பொருந்துவதற்கு நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு, பொருந்தியது. இருவருக்கும் ஊரில் ஒரு வீட்டு விஷயமாகப் பத்து வருஷம் பேச்சு நின்றிருந்தது. கொடுத்தபோதும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. கூட்டல் நாற்பதுகளில் இவருக்கு உடம்பெல்லாம் சிவந்து தோல் உரியத் தொடங்கியது. பார்க்க வந்தவர்களிடம் சொன்னார்: 'சின்ன வயசுல நான் அடிச்ச அடியெல்லாம் மொத்தமாத் திருப்பிக் குடுக்கிறா.' எல்லோரும் சிரித்தார்கள். நல்ல ஹாஸ்யம்தான்; மருத்துவ ரீதியில்கூடச் சரியானது. தங்கை அந்த அறையில் இருந்தார். முகமூடி போட்டிருந்தார். அன்று சாயங்காலம் அவர் டாக்டரிடம் தனியாகப் போய், 'என்னோடதுதான் அண்ணனைக் கொல்லுதா?' என்று கேட்டிருக்கிறார்.

அந்த ஹாஸ்யத்தைத் தவறு என்று சொல்லவா? தோல் உரிந்து கிடப்பவருக்கு நாக்கையும் கட்டிப்போட நமக்கு என்ன அதிகாரம்? ஆனால் அது தங்கையிடம் போய்ச் சேர்ந்த இடத்தில் ஹாஸ்யமாக இல்லை. அவர் கொடுத்தது அவர் கையை விட்டுப் போய்விட்டது. அது அங்கே என்ன செய்கிறது என்பதற்கு அவர் பொறுப்பல்ல. ஆனாலும் பொறுப்பு என்று அவருக்குத் தோன்றியது. தன்னை எள்ளிக்கொள்கிறேன் என்று நினைத்து அண்ணன் சொன்னார். உண்மையில் 'தன்னை' என்ற சொல்லின் எல்லை அவருக்குத் தெரியாமலே மாறிவிட்டிருந்தது. தன் உடம்பைப் பற்றிச் சொல்லும் எந்தச் சொல்லும் இனி தங்கையைப் பற்றிய சொல்லும்தான். தன்னைத் தானே கேலி செய்துகொள்பவருக்கு யாரும் ஆட்சேபம் சொல்ல முடியாது என்பது நாம் பழகிய விதி. இந்தச் சிகிச்சையில் அந்த விதி செல்லாது. யோசித்தால், வேறு எங்கும்கூட அது முழுதாகச் செல்லுமா என்று சந்தேகமாக இருக்கிறது. நம்மை நாமே எள்ளிக்கொள்ளும்போது நம்மை உண்டாக்கியவர்கள், பார்த்துக்கொள்பவர்கள் எல்லோரும் கொஞ்சம் அடி வாங்குகிறார்கள்.

ஸ்டீராய்டில் தோல் அடங்கியது. ஏழெட்டு மாதம் கழித்து ரத்த வகை தங்கையுடையதாகிவிட்டது என்று ரிப்போர்ட் வந்தது. ஏதோ சில்லறை விஷயத்துக்கு அண்ணன் போனில் சத்தம் போட, தங்கை சொன்னாராம்: 'அண்ணே, இனிமே ஒனக்கு ரத்தம் கொதிக்கணும்னா என்னையக் கேட்டுக்கிட்டுத்தான் கொதிக்கணும்.' அவர் இதை எனக்குச் சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தார். இருவர் சொன்னதும் ஒரே விஷயத்தைப் பற்றியதுதான். முதலாவது, கொடுத்தவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. இரண்டாவது, கொடுத்தவரே வந்து பாத்தியதை கொண்டாடியது. முதலாவதைச் சொல்ல அண்ணனுக்கு யாரும் தேவைப்படவில்லை, கேட்க ஆள் இருந்தால் போதும். இரண்டாவது இருவர் இல்லாமல் பிறந்திருக்க முடியாது.

இதிலிருந்து விதி ஒன்றை உண்டாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் தேறுகிற காலத்துச் சிரிப்பைப் பற்றி எனக்குத் தெளிவாவது இது. அது நோயாளியின் குணாதிசயம் அல்ல. அவர் கையிருப்பில் வைத்திருக்கும் தைரியமும் அல்ல. அவருக்கும் அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கும் நடுவில், சில சமயம் கூடிவரும், பல சமயம் கூடாது போகும் ஒரு விஷயம். மஜ்ஜை வேர் பிடிப்பதைப் போலவே அதையும் யாரும் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது.

ஆகவே, பார்க்கப் போகிறவர்கள் குறளை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். நோயாளி ஹாஸ்யம் சொன்னால் அது நமக்குச் செய்யும் உபசாரமாக இருக்கலாம். உதடு வலிக்க அவர் அதைச் செய்கிறார் என்று தெரிந்து ஏற்றுக்கொள்ள வேண்டும். அவர் சொல்லாவிட்டால் நாம் சொல்லி நிரப்ப வேண்டியதில்லை. எட்டாவது படியில் அவர் உட்கார்ந்தால் ஏழாவது படியில் நாமும் உட்காரலாம். மூச்சு திரும்பிய பிறகு அவராக ஏதாவது சொல்வார். சொல்லாமலும் இருக்கலாம். மாடிக்கு இன்னும் பத்துப் படிகள் இருக்கின்றன.